மூன்றாவது மாடிச் சிரிப்பு

கனகு மறுபடியும் சிரித்தாள். மினிபஸ் பாதி மேட்டில் நின்றுபோய், டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து முகத்தில் ஆவி வாங்கிக்கொண்டு, ஏறியிருந்த ஜனமெல்லாம் வைதபடியே மூட்டை முடிச்சோடு இறங்கி நடக்கத் தொடங்கிய பிறகும், கண்டக்டர் கனகு தோள்பையைக் குலுக்கிக்கொண்டு படியில் நின்று சிரித்தாள். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. செண்பகவல்லி மட்டும் சேலை முந்தியை எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டாள். இருட்டுதான், யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனால் அது கைக்குத் தெரிந்தால்தானே. இடது பக்கம் வாய் இறங்கிப்போன நாளிலிருந்து அந்தக் கை அவளைக் கேட்காமலே மேலே போகிறது. சாப்பிட்டால் போகிறது, பேசினால் போகிறது, பக்கத்தில் யாராவது தும்மினால்கூடப் போகிறது. போதாததற்கு இடது கண்ணில் நீர் வேறு. இமை முழுதாக மூடாத கண், ஏசிக் காற்றுப் பட்டால் கொட்டும். சிரிப்புப் படத்துக்கு வந்து அழுகிறவள் நீ ஒருத்திதான் என்று தன்னையே ஒரு வசவு வைதுகொண்டு முந்தியின் மறுநுனியால் கண்ணைத் துடைத்தாள். வலது பக்கத்து சீட்டில் ஜெபராணி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து முடித்துவிட்டு, கையிலிருந்த பாப்கார்னை நீட்டினாள். "யக்கா, இந்தப் பிள்ள அப்படியே உங்கள மாதிரி இருக்கால்லா?" நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நல்ல எண்ணத்தில் சொல்கிறவர்களை என்ன செய்வது என்றுதான் செண்பகவல்லிக்கு இன்றுவரை தெரியவில்லை. பாப்கார்ன் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும், விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அரங்கம் முழுவதும் அவர்கள் கடை ஆட்கள்தான். திருநெல்வேலியில் அந்த ஜவுளிக்கடைக்கு ஐந்து மாடி, மாடிக்கு மாடி பெண்கள், வருஷத்தில் ஒருநாள், சரக்குக் கணக்கெடுப்பு முடிந்து ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு முந்தின நாள், முதலாளி எல்லாரையும் காலைக் காட்சிக்குக் கூட்டிப்போவது வழக்கம். படத்துக்கும் யூனிஃபார்ம் சேலைதான் கட்டி வர வேண்டும், போட்டோ இருக்கிறது. ஆனாலும் உட்காரலாம். செண்பகவல்லிக்கு இந்த நாளில் படத்தைவிடப் பெரிய விஷயம் அதுதான். குதிகால் தரையில் படாமல், இடுப்பு எதிலோ சாய்ந்து, தொடை மெத்தென்று எதன்மேலோ கிடக்க, இரண்டரை மணி நேரம். கடையில் நிற்கிற பெண்கள் உட்கார ஏதாவது போட வேண்டும் என்று சட்டம் வந்தது, சட்டம் வந்ததும் மாடிக்கு இரண்டு ஸ்டூலும் வந்தது, உட்காரத்தான் யாரும் வரவில்லை. பொன்னுத்துரை அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்கையில் எவள் உட்காருவாள். மூன்றாவது மாடி, கல்யாணப்பட்டுப் பிரிவு, அதற்கு மேற்பார்வை அண்ணாச்சிதான். அதட்டுகிற ஆள் இல்லை, குரலை உயர்த்தி அவள் கேட்டதே கிடையாது. தூரத்தில் தூண் பக்கம் நின்றுகொண்டு ஆள்காட்டி விரலால் தன் உதட்டின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கோடு இழுப்பார். அவ்வளவுதான். மாடி முழுக்கப் பெண்கள் சிரிப்பார்கள். லிஃப்ட் கதவு திறந்தால் சிரிப்பு, மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பெரிய சிரிப்பு, அரை நாள் முழுக்கப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு, திரும்பி வருவாங்கள்லா. செண்பகவல்லிக்கு மட்டும் அண்ணாச்சி அந்தக் கோட்டை இழுத்ததே இல்லை. அவளுக்கு இயல்பிலேயே சிரித்த முகம். பெண் பார்க்க வந்தபோது மாமியார் சொன்னது அது, வேலைக்கு எடுக்கும்போது முதலாளி சொன்னது அது, ரேஷன் கடையில் சொல்வார்கள், பஸ்ஸில் சொல்வார்கள். அந்த முகத்துக்காகத்தான் அவளைக் கீழ்மாடியிலிருந்து நேரே மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள். போகப்போக கைராசிக்காரி என்று பெயரும் வந்தது. முகூர்த்தப்பட்டு எடுக்க வருகிறவர்கள் அந்தச் சிரிச்ச முகத்துப் பிள்ளை கையால எடுத்துப் போடச் சொல்லுங்க என்று கேட்டு உட்காருவார்கள். அவள் தன் தோளில் சேலையை விரித்து, மடிப்பு அடித்து, முந்தியை முன்னால் விட்டு, சிரிப்பாள். அந்தத் தோளில் கிடந்த சேலைகளைக் கட்டிக்கொண்டு எத்தனை பேர் மணையில் உட்கார்ந்திருப்பார்களோ, அதில் பாதிப் பேர் பிள்ளை பெற்று, பிள்ளைக்குப் பாவாடை எடுக்க வந்தபோதும் அவளைத் தேடி வந்திருக்கிறார்கள்.

கனகு இப்போது ஒரு கிழவரின் கோவணத் துணியைக் கொடியிலிருந்து எடுத்து ரேடியேட்டருக்குச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள், கிழவர் கம்போடு துரத்தினார், ஒலிபெருக்கியில் ஏதோ தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு மேளம் வந்து செண்பகவல்லியின் இடது காதில் அறைந்தது. அந்தக் காதும் அன்றிலிருந்துதான் இப்படி. வாய் இறங்கினால் சத்தம் கூடும் என்று யாருக்குத் தெரியும், தட்டு விழுந்தால் இடி விழுகிறது. அன்று காலை வாசல் தண்ணீர்க் குழாயில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் அவள் சொன்ன இடத்துக்குப் போகாமல் ஓரமாக வழிந்தது. என்னடா இது என்று மறுபடியும் ஒரு மடக்கு வைத்தாள், மறுபடியும் வழிந்தது. திரும்பி, டீ குடித்துக்கொண்டிருந்த புருஷனிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பரமசிவன் அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவனுடைய சித்தப்பா ஒருவர் வெற்றிலை போட்டபடி கோணலாகப் பேசுவார், செண்பகம் அவரைப்போல வாயைக் கோணிக் காட்டி வீட்டைச் சிரிக்கவைப்பது வழக்கம். அதைத்தான் காலங்காத்தாலே காட்டுகிறாள் என்று நினைத்துவிட்டான். "போதும்ட்டி செம்பவம், புரை ஏறுது" என்றான். இன்னும் செய்யட்டும் என்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் தன் முகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் சிரித்தாள், அந்தச் சிரிப்பு பாதி வழியில் நின்றுபோனதை அவன் முகத்தில்தான் முதலில் பார்த்தாள், தம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் அவன் எழுந்து நின்றதில் பார்த்தாள். பாவம், அதை நினைத்து நினைத்து இன்னமும் அழுகிறவன் அவன்தான். முக நரம்பு வீங்கியிருக்கிறது, தானாக வற்றும், வாரங்களும் ஆகலாம் மாதங்களும் ஆகலாம் என்றார் டாக்டர். பலூன் ஊதச் சொன்னார், கண்ணாடி முன் நின்று ஈ என்றும் ஊ என்றும் சொல்லச் சொன்னார். செண்பகவல்லி ஈ என்றாள், ஊ என்றாள், கண்ணாடியில் இருந்தவள் பாதி ஈ என்றாள், பாதி ஊ என்றாள். ஒருநாள் கண்ணாடியைத் திருப்பி ஆணியில் மாட்டிவிட்டாள். பலூனை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். போதும். நான் உன்னைக் கெஞ்சமாட்டேன், நீ வந்தால் வா வராட்டால் போ என்று தன் முகத்தோடேயே சண்டை போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டாள்.

ஆனால் நெஞ்சில் தங்கிப்போனது வாய் இறங்கியது இல்லை, அந்தத் தென்காசி அம்மாள்தான். எப்போது எதை நினைத்தாலும் நினைப்பு சுற்றிவிட்டு அங்கேதான் வந்து மாட்டும், ஆணியில் முந்தி மாட்டின மாதிரி. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பின அன்று, மகளுக்கு முகூர்த்தப்பட்டு எடுக்க வந்திருந்தார்கள், ஒரு ஜமுக்காளம் நிறையச் சொந்தபந்தம். அரக்கு நிறத்தில், இரண்டு விரல் அகலத்துக்குத் தங்கச் சரிகைக் கரை, அந்தப் பெண்ணின் நிறத்துக்கு அதுதான் என்று செண்பகவல்லிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எடுத்துத் தன் தோளில் போட்டு மடிப்பு அடித்தாள். பெண்ணுக்குப் பிடித்தது, பெண் கையை நீட்டிக் கரையைத் தொட்டாள். அப்போதுதான் அந்தத் தாயார் சேலையிலிருந்து கண்ணை உயர்த்திச் செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை, ஏசவில்லை, அதுதான். மகளின் கையைச் சேலையிலிருந்து மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சியைப் பார்த்து, இந்தப் பட்டு வேண்டாம், இவங்க தோள்ல கிடந்தது வேண்டாம், வேற யாராவது சிரிச்ச முகமா வந்து எடுத்துப் போடட்டும், கல்யாணக் காரியம் பாருங்க என்று தணிந்த குரலில் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் அவளும் சொன்னாள், மகள் நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில். செண்பகவல்லி சேலையைத் தோளிலிருந்து எடுத்து மடித்தாள். ஒரு மடிப்புகூடப் பிசகவில்லை என்பதில் அவளுக்கு இன்றும் ஒரு பெருமை. அன்று சாயங்காலமே அண்ணாச்சி அவளை அடித்தளத்துக்கு அனுப்பிவிட்டார், பில் போட்ட துணியைப் பையில் போட்டுக் கட்டுகிற இடம். அவள் நின்ற இடத்தில் ஜெபராணியை நிறுத்தினார். "சிரிப்பு வரட்டும்மா, வந்ததும் மேல வந்திரு. உன் எடம் எங்க போயிரப் போகுது" என்றார். எங்கே போகும் என்று இருவருக்கும் தெரியும். ஆடியில் யார் எந்த மாடியில் நிற்கிறாளோ அவளுக்கு அதுதான் தை வரைக்கும், ஆவணிக் கல்யாணக் கூட்டம் அவள் முகத்துக்குப் பழகிவிடும், பழகிவிட்டால் பிறகு அவள்தான் கைராசிக்காரி. நாளைக்கு ஆடி. இன்று இடைவேளையில் அண்ணாச்சி வரிசை வரிசையாக வந்து யாருக்கு எந்த மாடி என்று சொல்லப்போகிறார். அதன் பிறகு திரைக்கு முன்னால் எல்லாரும் நின்று விளம்பரத்துக்குப் போட்டோ, எங்கள் சிரித்த முகங்கள் என்று மேலே எழுத்து வருமாம். காலையில் வேனில் ஏறும்போதே அண்ணாச்சி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, போட்டோ எடுக்கையில் சீட்டிலேயே இருந்துகொள், பிள்ளைகளின் கைப்பையெல்லாம் யாராவது பார்க்க வேண்டும் அல்லவா என்று சொல்லிவிட்டார். சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டாள். அந்தச் சரிக்காகத்தான் இப்போது தன்னையே வைகிறாள். ஏன் சரி என்றாய், உனக்கு என்ன கேடு, நாக்கு இறங்கவில்லையே, வாய்தானே இறங்கியது.

திரையில் கனகுவின் கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை கடிதம்கூட எழுதாமல் துபாய்க்கு ஓடிவிட்டான், பந்தலைப் பிரிக்கிறார்கள், கனகு வாழைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சுற்றிலும் பெண்கள் உச்சுக்கொட்டிக்கொண்டே சிரித்தார்கள். செண்பகவல்லிக்குக் கோபம் வந்தது. ஏன் சிரிக்கிறாய் நீ. செருப்பை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போக வேண்டாமா, அவன் அப்பனை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்க வேண்டாமா. அப்புறம் கோபம் வேறு பக்கம் திரும்பியது, ஏனென்றால் திரை பெரிது, கனகுவின் முகம் ஒரு வீட்டுச் சுவர் அகலத்துக்கு வந்து நின்றது, இந்த விஷயத்தில் செண்பகவல்லியின் கண் தப்பாது. அது சிரிப்பு இல்லை. அது மூன்றாவது மாடி. வாயின் இரு கோடியும் ஒரே அளவுக்கு ஏறி, மேல்வரிசைப் பல் மட்டும் தெரிந்து, தாடை கொஞ்சம்போல இறுகி, கண்ணுக்குக் கீழே சதை அசையாமல். அந்தப் பெண்ணுக்குக் கால் வலிக்கிறது. யாரோ கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதட்டின் மேல் விரலால் கோடு இழுக்கிறார்கள், இழுத்த கோட்டுக்கு அவள் சிரிக்கிறாள், இன்னும் ஒருதரம், இன்னும் ஒருதரம், வெயில் ஏறுகிறது, பொட்டு கரைகிறது, துடைத்துவிட்டு மறுபடியும். அட பாவிப் பிள்ளை, நீயும் நம்ம கடைதானா. இருபது வயசில் கீழ்மாடியில் துண்டுப் பிரிவில் நின்றபோது செண்பகவல்லிக்கு ராத்திரி படுத்தால் கன்னம் வலிக்கும், கால்கூட அப்புறம்தான். தூக்கத்தில்கூட நீ சிரிக்கே என்று பரமசிவன் கல்யாணமான புதிதில் ஆசையாகச் சொன்னான், என்ன கனவு என்று கேட்டான், கனவா, சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். இப்போது அடித்தளத்தில் யாரும் அவளைச் சிரிக்கச் சொல்வதில்லை. துணி மேலேயிருந்து வரும், பையில் போட வேண்டும், கட்ட வேண்டும், நீட்ட வேண்டும், வாங்குகிறவர்கள் பையைத்தான் பார்ப்பார்கள். முதல் வாரம் அது அவமானமாக இருந்தது. அப்புறம் என்ன ஆனது என்று அவளுக்கே தெரியாது, ஒருநாள் பை கட்டிக்கொண்டிருக்கும்போது தன் முகம் சும்மா இருப்பதைக் கவனித்தாள். சும்மா. பாத்திரம் கழுவிக் கவிழ்த்த அடுக்களை மாதிரி. வலது பக்கமும் சும்மா இருந்தது, அதற்கும் இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஓய்வு. அப்படியானால் எதற்காகத்தான் இந்த ஏக்கம், ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு? பட்டுக்காக. விரலில் ஏறுகிற அந்தக் குளிர்ச்சிக்காக, பிரிக்கும்போது மொறமொறவென்று வருகிற சத்தத்துக்காக, ஆயிரம் சேலைக்கு நடுவே இதுதான் இவளுக்கு என்று கை தானாகப் போய் எடுக்கிற அந்த நொடிக்காக. அது அவளுடையது. சிரிப்பு அவர்களுடையது. இரண்டையும் ஒன்றாக வைத்துத் தைத்து இத்தனை நாள் அவளுக்கே விற்றிருக்கிறார்கள்.

யோசித்து முடிப்பதற்குள் ஆடு ஏறிவிட்டது. எந்த ஊர் எந்த நிறுத்தம் என்று செண்பகவல்லி கவனிக்கவில்லை, ஒரு தலைப்பாகைக்காரர் ஆட்டோடு மினிபஸ்ஸில் ஏறினார், ஆட்டுக்கு டிக்கெட் எடுக்கமாட்டேன் என்றார், ஐந்து வயசுக்குக் கீழே இருந்தால் இலவசம்தானே என்று நியாயம் பேசினார். கனகு குனிந்து ஆட்டிடம் வயசு கேட்டாள். ஆடு அவள் கையிலிருந்த டிக்கெட் கட்டை வாங்கித் தின்ன ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துச் செக்கிங் அதிகாரி ஏறினார், டிக்கெட் எங்கே என்றார், பஸ் மொத்தமும் ஆட்டைக் கை காட்டியது, அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆட்டின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது. ஒரு துளி சிரிப்பு இல்லை அதன் முகத்தில், பயமும் இல்லை, தாடையை ஒரு பக்கமாகத் தள்ளி, கோணலாக, நிதானமாக, அத்தனை பேரின் டிக்கெட்டையும் மென்றது. செண்பகவல்லிக்கு அந்த வாயைத் தெரியும். கண்ணாடியில் அவள் ஈ என்று சொன்னபோது எதிரில் நின்ற வாய் அதுதான். அடி வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது, அதை முந்தியால் அடைக்கப் பார்த்தாள், முந்தியைத் தள்ளிக்கொண்டு வந்தது, குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், கண்ணீர் இரண்டு கண்ணிலும், மூக்கிலும், முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெபராணி திரும்பிப் பார்த்துவிட்டு, யக்கா யக்கா என்று அவளும் சேர்ந்துகொண்டாள். அப்போதுதான் இடது கன்னத்தில் என்னவோ இழுத்தது. எறும்பு ஊருகிற மாதிரி, நூல் ஒன்று உள்ளிருந்து சுண்டுகிற மாதிரி. செண்பகவல்லி சிரிப்பை நிறுத்தாமலே கையை முந்திக்குள் விட்டு வாயின் இடது கோடியில் விரலை வைத்தாள். அது ஏறியிருந்தது. முழுசாக இல்லை, வலது பக்கம் அளவுக்கு இல்லை, ஆனால் ஏறியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் கோடி இறங்கியது. யாருக்கும் தெரியாமல், இருட்டில், விரலை எடுக்காமல், வேண்டுமென்றே ஒருதரம் சிரித்துப் பார்த்தாள். ஏறியது. ஈ. ஏறியது.

உடம்பெல்லாம் சூடாகிவிட்டது அவளுக்கு. வந்துவிட்டது, வந்திருச்சுட்டி, இந்த மனுஷனுக்கு இப்போதே போன் பண்ணிச் சொல்ல வேண்டும், லோடு ஆட்டோவை ரோட்டோரமாக நிறுத்திவிட்டு அழுவான். அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும். இடைவேளையில் அண்ணாச்சி இந்த வரிசைக்கு வரும்போது முந்தியை எடுத்துவிட்டு நேராகப் பார்த்து, இப்படி, இல்லை இன்னும் கொஞ்சம், வலது பக்கத்தை லேசாகக் குறைத்துக்கொண்டால் இரண்டும் சமமாகத் தெரியும், இப்படி. இருட்டில் உட்கார்ந்து அவள் அதைப் பழகிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. வந்து முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதைக் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் ஒப்படைக்க ஒத்திகை பார்க்கிறாள். பெற்ற பிள்ளையை மாராப்பு மூடுவதற்குள் அடுத்தவன் கையில் கொடுப்பாளா ஒருத்தி. ஒரு ஆட்டைப் பார்த்து வந்த சிரிப்பு இது. எந்தப் பேச்சுக்கும் கேட்காதது, பலூனுக்கும் ஊ-வுக்கும் மசியாதது, தன் இஷ்டத்துக்கு வந்தது. இதை நாளைக்குக் காலையிலிருந்து லிஃப்ட் கதவுக்குக் கொடுக்க வேண்டுமா? தென்காசி அம்மாளுக்குக் கொடுக்க வேண்டுமா? சொல்லாமல் இருந்துவிடலாம். வரவில்லை என்று ஒரு வார்த்தை, தீர்ந்தது, அடித்தளத்தில் சும்மா கிடக்கிற முகத்தோடு பை கட்டிக்கொண்டு இருக்கலாம். அப்படியானால் பட்டு? பட்டை விட்டுவிட வேண்டும். பொய் சொன்னால் பட்டு போகிறது, காட்டினால் சிரிப்பு போகிறது. இரண்டும் எனக்கு வேண்டும் என்று கேட்டால் என்ன? கேட்டால் என்ன ஆகும்? வெளியே போ என்பார்கள். இந்த ஊரில் ஜவுளிக்கடைக்குப் பஞ்சமா, ஆனால் கோணல் வாயோடு யார் எடுப்பார்கள், லோடு ஆட்டோ தவணை, வாடகை, மாமியார் மாத்திரை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. பயமாகத்தான் இருந்தது, பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஆட்டின் முகம் போகமாட்டேன் என்கிறது. அதிகாரி மூக்குக்கு நேராக நிற்கிறார், அது பாட்டுக்கு மெல்லுகிறது.

படக்கென்று விளக்குகளைப் போட்டார்கள். இடைவேளை என்ற எழுத்துக்கு மேல் கனகுவின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொண்டையைத் தடவிச் சரிசெய்தார்கள், பவுடர் பெட்டி கைமாறியது, முன்வரிசையில் முதலாளி எழுந்து நின்று சோம்பல் முறித்தார். பொன்னுத்துரை அண்ணாச்சி பக்கவாட்டு நடையில் கீழிருந்து வந்தார், ஒவ்வொரு வரிசையிலும் நின்று இன்னாருக்கு இன்ன மாடி என்று சொல்லிக்கொண்டே. இவர்கள் வரிசைக்கு வந்ததும் ஜெபராணி எழுந்து நின்றாள். "ஜெபராணி மூணாவது மாடி. செண்பகம், நீ கீழேயே இருந்துக்கோ" என்றவர், ஏதோ வித்தியாசமாகத் தெரிந்திருக்க வேண்டும், முந்தியில்லாத அவள் வாயைக் குனிந்து பார்த்தார். "என்னம்மா, சிரிப்பு வந்திருச்சா?" வரவில்லை என்பது அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லத்தான் எழுந்தாள். எழுந்து நின்றதும், இத்தனை பெண்கள் அண்ணாந்து தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், அவளுக்கு அந்தப் பொய்யின் மேலும் வெறுப்பு வந்தது. என் முகத்தில் வந்ததை நான் எதற்கு ஒளித்துவைக்க வேண்டும், நான் என்ன திருடியா.

"வந்திருச்சு அண்ணாச்சி" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. எங்கே காட்டு என்பதுபோல விரல் அவரை அறியாமலே உதட்டுக்குப் போனது. செண்பகவல்லி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இரு பக்கமும் சும்மா இருக்க. "ஆனா அதக் கடைக்குக் கொண்டார மாட்டேன். வீட்டுல வச்சிட்டுதான் வருவேன்" என்றாள். பேச்சு கோணலாகத்தான் வந்தது, நிறுத்தவில்லை. "நாளைக்கு நான் மூணாவது மாடியில நிக்கேன். சேலை எடுத்துப் போடுதேன். அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அவங்க சிரிக்கட்டும்." வரிசையில் யாரோ களுக்கென்றார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். அண்ணாச்சி முன்வரிசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். முதலாளிகிட்ட நான் என்னம்மா சொல்ல, இன்னும் முழுசாச் சரியாகல, சிரிக்க முடியலைன்னு சொல்லுதேன், அதுதான் உனக்கும் நல்லது என்று தணிந்த குரலில் ஒரு வழி காட்டினார். நல்ல எண்ணத்தில்தான். செண்பகவல்லிக்கு அந்த நேரம் அவர்மேல் கோபம்கூட வரவில்லை. "முடியலைன்னு சொல்லாதீங்க. மாட்டேங்காள்னு சொல்லுங்க" என்றாள். ஜெபராணி தலையைக் குனிந்தபடி, அண்ணாச்சி, எனக்குப் பட்டுல மடிப்பு சரியா விழ மாட்டேங்குது, யக்கா பக்கத்துல நின்னா நானும் கத்துக்குவேன் என்றாள். அதில் பாதிதான் உண்மை, மீதியைச் செண்பகவல்லி தன் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். ஒரு வாரம் பார்ப்பேன் என்றார் அண்ணாச்சி. ஒரு புகார் வந்தாலும் கீழேதான் என்றார். பாருங்க என்றாள் அவள். வரும் புகார், தென்காசியிலிருந்து வரும், சங்கரன்கோவிலிலிருந்து வரும், வந்தால் அப்போதும் இதே வாயால்தான் பேச வேண்டும், பேசிக்கொள்ளலாம்.

போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். கைப்பைகள் சீட்டிலேயே கிடந்தன. அவள் படியிறங்கி, ஓரத்தில் ஒதுங்கப் பார்த்த காலை ஒருதரம் அதட்டி, திரைக்கு முன்னால் இரண்டாம் வரிசையில் நடுவே போய் நின்றாள், ஒரு பக்கம் ஜெபராணி, மறுபக்கம் காலுறைப் பிரிவுப் பெண். அண்ணாச்சி வரிசையின் கோடியில் நின்றார், கையை அசைக்கவில்லை. வெளிச்சம் கண்ணில் அடித்தது, இடது கண்ணில் நீர் இறங்கியது, அதை அவள் துடைக்கவில்லை. எல்லாரும் சிரிங்க என்றான் போட்டோக்காரன், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவன் கேமராவுக்குள் பார்த்துவிட்டுத் தலையை வெளியே எடுத்தான். "நடுவுல நிக்கிற அக்கா, கொஞ்சம் சிரிங்களேன்." செண்பகவல்லி அவனைப் பார்த்தாள். சிரிக்க முடியும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, அது போதுமாக இருந்தது. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு, வேறு வழியில்லாமல், அப்படியே எடுத்தான்.